ஆற்றங்கரைக் கூடாரத்தில் நத்தைக் கறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை ஓய்ந்து வாய்க்காலில் தண்ணீர் தெளிந்துவிட்டால் போதும், கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்து நண்பர் குழுக்கள் தோப்பிலும் ஆற்றோரத்திலும் கூடாரம் போட்டுத் தங்கக் கிளம்பிவிடுகின்றன. வெளிநாட்டுக் காணொளிகளில் கடற்கரையில் சிப்பி பொறுக்கி அங்கேயே சுட்டுத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு, நம் பக்கமும் அப்படிச் செய்ய முடியுமா என்ற ஆசை வந்துவிடுகிறது. அப்படிக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

கொங்குப் பக்கம் சிப்பி கிடைக்குங்களா?

கடல் சிப்பி கிடைக்காது. அது வளர உப்புத் தண்ணீர் வேண்டும். ஆறு கடலில் கலக்கும் கழிமுகங்களில் பாறையிலோ பாலத்தூணிலோ ஒட்டிக்கொண்டு வளரும். காவிரி நம் ஊரைத் தாண்டிப் போய்த்தான் கடலைப் பார்க்கிறது.

நமக்குக் கிடைப்பவை இரண்டு. ஒன்று ஆற்று மட்டி: இரட்டை ஓட்டோடு மணலிலும் சேற்றிலும் பாதி புதைந்து கிடக்கும். இன்னொன்று நத்தை: வயலிலும் வாய்க்காலிலும் குளத்திலும் இருக்கும், எலுமிச்சை அளவு உருண்டை ஓடு, வாயில் மூடி. கறிக்கு நல்லது நத்தைதான். அதனால் இங்கே பேச்செல்லாம் பெரும்பாலும் நத்தையைப் பற்றியே. கடல் சிப்பிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கும் கடைசியில் பதில் இருக்கிறது.

நத்தை எங்கே தேடினால் கிடைக்கும்?

ஓடுகிற ஆற்றின் நடுவில் தேடி அலைய வேண்டாம். நத்தைக்கு இழுப்பில்லாத தண்ணீரும் பாசியும் களையும் வேண்டும். நெல் வயலின் வரப்போரம், வாய்க்காலின் கடைமடை, குளத்தில் முழங்கால் அளவு ஆழமுள்ள ஓரம், ஆகாயத்தாமரை வேரின் அடி, இங்கெல்லாம் கையை விட்டுத் துழாவினால் தட்டுப்படும். கோபி பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசன வயல்கள் நல்ல இடம். கீழ்பவானிப் பாசனத்தில் நெல் போடும் தோட்டங்களும் அப்படியே. விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் நத்தை மேலே வரும். டார்ச் அடித்தால் தண்ணீருக்குள் கருப்பாக நகர்வது தெரியும்.

ஆனால் எங்கே எடுக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மட்டி தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. நத்தை அதே தண்ணீரின் அடியில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிறது. தண்ணீரில் இருக்கிற சாயம், ஈயம், காட்மியம், பூச்சிமருந்து எல்லாம் அவற்றின் சதையில் சேர்ந்துகொண்டே போகும். கிருமியைக் கொதி நீர் கொன்றுவிடும். உலோகத்தை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போகாது.

அதனால் திருப்பூருக்குக் கீழே நொய்யலில் எதையும் எடுக்காதீர்கள். சாயக்கழிவைச் சுத்திகரித்து வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்தாத ஆலைகளை மூடச் சொல்லி 2011-இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அதற்கு முன் பல வருடம் ஒரத்துப்பாளையம் அணையிலும் ஆற்றுப் படுகையிலும் படிந்தது அவ்வளவு சீக்கிரம் போகிற சங்கதி இல்லை. காளிங்கராயன் வாய்க்காலில் ஈரோட்டைச் சுற்றிய பகுதியும் வேண்டாம். சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த வாய்க்கால் அது. பேரூர், சிற்றூர் எதுவானாலும் சாக்கடை வந்து சேரும் இடத்துக்குக் கீழே எடுக்கக் கூடாது. வயலாக இருந்தால் மருந்து அடித்து எத்தனை நாளாச்சு என்று தோட்டத்துக்காரரைக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் இறங்குவது எப்படியும் மரியாதை இல்லை.

எந்த மாசம் நல்லதுங்க?

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வடகிழக்கு மழையும் வாய்க்கால் தண்ணீரும் சேர்ந்து வயல் நிறைந்திருக்கும் நாட்கள் அவை. கீழ்பவானியில் வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் விடுவார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்துப் போனால் நத்தை கொழுத்திருக்கும். கோடையில் தண்ணீர் வற்றும்போது மூடியை இறுக்கிக்கொண்டு சேற்றுக்குள் புதைந்து மாதக்கணக்கில் தூங்கும். அப்போது தோண்டி எடுத்தாலும் உள்ளே வற்றிப்போன சதைதான் இருக்கும்.

எல்லா நத்தையும் சாப்பிடலாமா? எங்க தோட்டத்துச் சுவரெல்லாம் நத்தையா இருக்குது.

சுவரில் ஏறுவதை விட்டுவிடுங்கள். அது ஆப்பிரிக்கப் பெருநத்தை. 1847-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நாடெங்கும் பரவிய அந்நிய இனம். பப்பாளி, மல்பெரி, வாழை எதையும் விடாமல் தின்று தீர்க்கும். மழை பெய்த மறுநாள் தோட்டத்தில் கூட்டம் கூட்டமாகத் தெரிவது இதுதான்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. பெருநத்தையின் ஓடு நீண்டு, கூம்பாக, பழுப்பு வரிகளோடு இருக்கும். முக்கியமாக, அதற்கு மூடி கிடையாது. வயல் நத்தையின் ஓடு உருண்டை. தொட்டவுடன் உள்ளே இழுத்துக்கொண்டு கெட்டியான மூடியால் வாசலை அடைத்துவிடும். தண்ணீருக்குள் கிடைத்து, மூடியும் இருந்தால் மட்டும் எடுங்கள். சந்தேகமாக இருந்தால் எடுக்காதீர்கள். பெருநத்தையை வெறுங்கையால் தொடவும் வேண்டாம், குழந்தைகள் விளையாடவும் விடவேண்டாம். எலியிடமிருந்து நத்தைக்கு வந்து மனித மூளை உறையைத் தாக்கும் ஒரு புழு அதில் இருக்கக்கூடும்.

கூடாரம் எங்கே போடுவது? ஆத்துக்குள்ளேயே மணல் திட்டில் போடலாமா?

போடக் கூடாது. மேட்டுப்பாளையம் பக்கம் பவானி ஆறு காலையில் கணுக்கால் அளவு ஓடும். மேலே பில்லூர் அணையில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் விட்டால் சற்று நேரத்தில் இடுப்புக்கு வந்துவிடும். வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது. குளிக்கப் போன வெளியூர்க்காரர்கள் பலர் அங்கே மாட்டிக்கொண்டது இப்படித்தான். மேட்டூருக்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் இருக்கின்றன. எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. கரைக்கு மேலே, பழைய வெள்ளத்தின் குப்பை தொங்கும் மட்டத்தையும் தாண்டிக் கூடாரம் போடுங்கள்.

சத்தியமங்கலம், ஆனைமலைப் புலிகள் காப்பகங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அங்கே மாயாற்றங்கரையில் தங்கி எதையாவது பிடித்துச் சமைக்கலாம் என்ற யோசனையை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். அமராவதி, பவானிசாகர் நீர்த்தேக்கங்களில் முதலை உண்டு. ஓரத்தில் இறங்கித் துழாவுகிற வேலை அங்கே ஆகாது. அணை மீன்பிடிப்புக்கும் தனி உரிமைதாரர்கள் இருக்கிறார்கள்.

நல்ல ஏற்பாடு என்னவென்றால், வாய்க்காலோரம் தோட்டம் வைத்திருப்பவர் யாரையாவது பிடிப்பதுதான். தென்னந்தோப்பு நிழல், கிணற்றுத் தண்ணீர், எரிக்க மட்டையும் பாளையும், எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தேங்காய் விழாத இடமாகப் பார்த்துக் கூடாரம் அடியுங்கள்.

தண்ணியில இறங்கினா அரிக்குது, ஏனுங்க?

நத்தை இருக்கும் தேங்கிய நீரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சு நீந்தும். அது தோலில் குத்தினால் சிவந்து அரிக்கும், சில நாளில் போய்விடும். வெளியே வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவி அழுத்தித் துடைத்தால் குறையும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் மட்டும் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் வர வழி அது.

எவ்வளவு எடுத்தால் எத்தனை பேருக்கு வரும்?

ஓட்டோடு ஒரு கிலோ எடுத்தால் சுத்தம் செய்த கறி கால் கிலோவைத் தாண்டாது. நாலு பேர் சோற்றோடு தொட்டுக்கொள்ள இரண்டு கிலோ போதும். சின்னதைத் திரும்பப் போட்டுவிடுங்கள். மட்டி எடுத்தால் இன்னும் கவனம் வேண்டும். அதன் குஞ்சு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச காலம் வளர்ந்துதான் மணலில் இறங்கும். மணலும் போய் மீனும் குறைந்த இடத்தில் மட்டி திரும்ப வருவதில்லை.

எடுத்த அன்னைக்கே சமைக்கலாமா?

முடிந்தால் ஒரு ராத்திரி விடுங்கள். வயிற்றில் இருக்கும் சேற்றை அது கக்க வேண்டும். அகலமான போசியில் நத்தை பாதி மூழ்கும் அளவு கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். முழுக்க மூழ்கடிக்க வேண்டாம். இந்த நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரல் மாதிரி ஒரு பையும் உண்டு. மேலே வந்து காற்றுக் குடித்தாக வேண்டும். இரவில் ஒவ்வொன்றாக விளிம்பில் ஏறி வெளியே இறங்கிவிடும். துளையுள்ள தட்டால் போசியை மூடிக் கல் வைத்தால்தான் காலையில் கறி இருக்கும். படுக்கப் போகுமுன் ஒரு முறையும் விடிந்ததும் ஒரு முறையும் தண்ணீரை மாற்றுங்கள். முதல் தண்ணீர் சகதியாக இருக்கும், இரண்டாவது கலங்கலாக, மூன்றாவது தெளிந்திருக்கும்.

மிதப்பதை எல்லாம் செத்தது என்று தூக்கிப் போட வேண்டாம், காற்றைப் பிடித்துக்கொண்டு உயிரோடு மிதப்பதும் உண்டு. மூடியை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இழுத்தால் உயிர் இருக்கிறது. மூடி தளர்ந்து தொங்கி, நாற்றம் அடித்தால் தூரப் போடுங்கள். அப்படி ஒன்று உள்ளே போனாலும் மொத்தக் குழம்பும் கெட்டுவிடும்.

சுத்தம் பண்ணுவது எப்படி? வழவழப்பு போகவே மாட்டேங்குது.

ஓட்டை வெளியே தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நத்தையை இறக்குங்கள். மறுபடி கொதி வந்ததிலிருந்து முழுசாகப் பத்து நிமிடம். வடித்து ஆறவிட்டு, ஊக்காலோ கருவேல முள்ளாலோ மூடிக்குப் பக்கத்துச் சதையில் குத்தி, ஓட்டின் சுழி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே திருகி இழுத்தால் முழுதாக வழுக்கிக்கொண்டு வரும். நேராக இழுத்தால் பாதியில் அறுந்துவிடும்.

வெளியே வந்ததும் மூன்று பகுதி தெரியும். முன்னால் சாம்பல் நிறத்தில் கெட்டியான பாதம், அதில் ஒட்டிய மூடி, பின்னால் சுருண்ட கருப்பும் பச்சையுமான குடல். மூடியைக் கிள்ளி எறியுங்கள், குடலை வெட்டி எறியுங்கள். சிலர் அந்தச் சுருளையும் சேர்த்தே சமைப்பார்கள். சேற்று வாடையும் கசப்பும் அதில்தான் இருக்கிறது, போடாமல் இருப்பதே மேல்.

வழவழப்புக்கு வழி இதுதான்: பாதக் கறியை ஒரு பாத்திரத்தில் போட்டு ஒரு கை கல்லுப்பு சேர்த்துப் பிசையுங்கள். சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகப் பொங்கும். கழுவிவிட்டு மறுபடியும். பிறகு அரிசி கழுவிய தண்ணீரிலும் மஞ்சளிலும் ஒரு முறை. விரலுக்குக் கறி நறநறவென்று பிடிபடும்வரை கழுவ வேண்டும். இந்த வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள் கோழியே வாங்கிக்கொண்டு போகலாம்.

நம்ம ருசிக்கு எப்படிச் சமைப்பது?

பள்ளிபாளையம் வறுவல்தான் இதற்குப் பொருத்தம். காவிரிக்கரை ஊரின் பாணி. மசாலாப் பொடி எதுவும் வேண்டாம், கூடாரத்துக்குச் சுமையும் குறைவு.

கால் கிலோ கறிக்கு இரண்டு கை சின்ன வெங்காயம், பத்துப் பன்னிரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, ஐந்தாறு பல் பூண்டு, அரை மூடித் தேங்காய், மஞ்சள்தூள், உப்பு, கடலெண்ணெய். மிளகாயைக் கிள்ளி விதையைத் தட்டிவிடுங்கள். காரம் அளவோடு நிற்கும், நிறமும் வாசமும் மட்டும் இறங்கும். தேங்காயைத் துருவக் கூடாது, நகம் அளவு மெல்லிய கீற்றாகச் சீவ வேண்டும்.

மூன்று கல் வைத்து இரும்புச் சட்டியை ஏற்றுங்கள். எண்ணெய் காய்ந்ததும் மிளகாய். அது கருகுவதற்குள் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. வெங்காயத்தின் ஓரம் பொன்னிறமானதும் நத்தைக் கறியைப் போட்டு மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கிளறி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். நத்தை முதல் பத்து நிமிடத்தில் ரப்பர் மாதிரி இறுகும். விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணித்து, இன்னும் அரை மணி நேரம் விட்டால் திரும்ப இளகும். ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள்: பல்லுக்கு லேசாக மறுத்து, பிறகு அறுந்தால் பதம். அப்போது மூடியை எடுத்து, தேங்காய்க் கீற்றைப் போட்டு, தண்ணீர் முழுக்க வற்றிச் சட்டியின் அடியில் எண்ணெய் பிரியும்வரை வறுங்கள். தேங்காயின் ஓரம் சிவந்ததும் இறக்கிவிடலாம்.

பக்கத்து அடுப்பில் அரிசியும் பருப்பும் சாதம் ஒரு போசி இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. களிக்குத் தொட்டுக்கொள்வதானால் வற்ற விடாமல், வறுத்த மல்லியும் சீரகமும் மிளகும் அம்மியிலோ கல்லிலோ நுணுக்கிப் போட்டுக் குழம்பாக இறக்குங்கள்.

மட்டியை இப்படியே செய்யலாமா?

செய்யலாம். ஓடு திறக்கும்வரை வேகவைத்து, கறியை எடுத்து, குடலை நீக்கிவிட்டு இதே முறைதான். கொதித்த பிறகும் திறக்காததை நோண்டித் திறக்க வேண்டாம். உண்மையைச் சொன்னால் ஆற்று மட்டியில் ருசி குறைவு, மணல் அதிகம்.

பாதி வேக்காட்டில், இல்லேன்னா அப்படியே நெருப்பில் சுட்டுச் சாப்பிட்டால்?

நத்தையை அப்படிச் சாப்பிடவே கூடாது. மேலே சொன்ன எலிப்புழு நன்னீர் நத்தையிலும் இருக்கக்கூடும், வேகாத நத்தைதான் அது மனிதனுக்குள் வரும் வழி. கடும் தலைவலி, கழுத்து இறுக்கம், வாந்தி என்று மூளைக்காய்ச்சலாகத் தெரியும். வேகவைத்தால் புழு செத்துவிடும். எலுமிச்சை பிழிவதும் சாராயத்தில் ஊறவைப்பதும் வேகவைப்பதற்கு ஈடாகாது. வயல் நண்டுக்கும் இதே கதைதான்: அரைவேக்காட்டு நண்டில் நுரையீரலைத் தாக்கும் வேறொரு புழு உண்டு.

மூலத்துக்கு நல்லதுங்களாமே?

ஊரில் அப்படிச் சொல்வார்கள், விற்பவர்களும் அதைச் சொல்லித்தான் விற்பார்கள். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள, கொழுப்புக் குறைந்த கறி என்ற அளவில் நல்லது. மூலத்துக்கு மருத்துவரைப் பாருங்கள்.

யார் சாப்பிடக் கூடாது?

இறாலோ நண்டோ ஒத்துக்கொள்ளாதவர்கள் விலகி இருக்கட்டும். ஆஸ்துமா இருப்பவர்கள், வீட்டுத் தூசி பட்டாலே தும்மி மூச்சு வாங்குகிறவர்களும் கவனம். தூசியில் இருக்கும் நுண்பூச்சிக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு நத்தையும் ஒத்துக்கொள்ளாது. மூச்சுத்திணறல் வரை போகலாம். ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கும் தோப்பில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

எங்களுக்குக் கடல் சிப்பிதான் வேணும். கூடாரத்தோடு எங்கே போறது?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கினால் கோவைக்குக் கிட்டத்தில் இருப்பது கேரளக் கடற்கரைதான். அங்கே காயல்களில் கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கிறார்கள். டிசம்பர் வாக்கில் தொடங்கி, மே மாதம் மழை பிடிக்குமுன் அறுவடை செய்வார்கள். பாறையில் நீங்களே பெயர்ப்பதைவிட வளர்ப்பவரிடம் வாங்குவதே நல்லது. எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று அவருக்குத் தெரியும். பெரிய சிப்பி ஒன்று ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரை வடிகட்ட வல்லது. நல்லதும் கெட்டதும் எல்லாம் அதன் வயிறு வழியாகத்தான் போகிறது. கடல் நிறம் மாறியிருக்கிறது, மீன் செத்து ஒதுங்குகிறது என்று உள்ளூர்க்காரர் சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். நுண்பாசியின் நஞ்சு சமைத்தாலும் போகாது. 1997-இல் திருவனந்தபுரம் பக்கத்து விழிஞ்ஞத்தில் கல்லுமக்காய் என்னும் பாறை மட்டியைச் சாப்பிட்டு ஏழு பேர் இறந்தது அப்படிப்பட்ட நஞ்சால்தான்.

சுடுவது சுலபம். சிப்பியின் ஒரு ஓடு குழிவு, ஒரு ஓடு தட்டை. கொட்டாங்குச்சி எரிந்து கனிந்த கங்கின் மேல் கம்பி வலை போட்டு, குழிவான பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குங்கள். சாறு உள்ளேயே நிற்கும். ஓட்டுச் சில் வெடித்துத் தெறிக்கலாம், முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம். வாய் லேசாகப் பிளந்ததும் எடுத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு இன்னும் ஐந்து நிமிடம், கறியின் ஓரம் சுருண்டு கெட்டியாகும்வரை. ஓட்டின் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும். கனத்த துணியில் பிடித்து, மேல் ஓட்டை நெம்பி எடுத்துவிட்டு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ரெண்டு சொட்டு எலுமிச்சை போடுங்கள். உப்பு வேண்டாம், கடலே போட்டிருக்கும்.

பச்சையாக விழுங்குவது நம் சூட்டுக்கு ஆகாது. வெதுவெதுப்பான கடலில் பெருகும் விப்ரியோ கிருமி, ஈரல் நோயும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு உயிரையே எடுக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

சிப்பியை உயிரோடு கொண்டுவரலாம். ஈரச் சாக்கில் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஐஸுக்கும் சிப்பிக்கும் நடுவே இன்னொரு சாக்கு. உருகிய தண்ணீரில் ஊறவிட்டால் செத்துப்போகும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினாலும் அப்படித்தான். மறுநாளுக்குள் சமைத்துவிடுங்கள். வாய் பிளந்து, தட்டினாலும் மூடாதது குப்பைக்கு.

மிஞ்சின ஓட்டை என்ன பண்ணுவது?

தோப்பில் அப்படியே கொட்டிவிட்டு வராதீர்கள், அடுத்து வருகிறவர் காலைக் கிழிக்கும். நத்தை ஓடோ சிப்பி ஓடோ, கங்கில் வாட்டிக் காயவைத்து நொறுக்கினால் முட்டைக் கோழிக்கு நல்ல தீனி. நாமக்கல் பண்ணைகளில் தீவனத்தில் கிளிஞ்சல் சேர்ப்பதும் அந்தச் சுண்ணாம்புக்காகத்தான். தோட்டத்துக்காரர் வீட்டில் கோழி இருந்தால் கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்த முறை இடம் கேட்கும்போது உதவும்.